எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? எக்ஸெல் சொல்லும்!

வீட்டிலிருந்து ஒருவர் விமானத்தில் ஊருக்குக் கிளம்புகிறார் என்றால், பெட்டி கட்டும் வேலையோடு ஒரு வாக்குவாதமும் தொடங்கிவிடும். "மதியமே கிளம்பிடலாம்" என்பார் அப்பா. "அவ்வளவு நேரம் அங்கே போய் என்ன செய்யறது? ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும்" என்பார் பயணம் செய்யும் மகன். வாடகைக் கார் டிரைவர் மூன்றாவதாக ஒரு நேரத்தைச் சொல்வார். மூவரும் சொல்வது அனுபவத்தில் வந்த ஊகம்தான். கணக்கு யாரிடமும் இல்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்று மூடிவிடுவதுண்டு. இதோ ஒரு வேலை. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் ஒரு குடும்பம், மகனைப் பாரீஸுக்கு அனுப்பச் சென்னை விமான நிலையம் செல்கிறது என வைத்துக்கொள்வோம். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் அவர்களுடைய உறவினர்களும் நிறைய உள்ள ஊர் என்பதால், இது இங்கே அடிக்கடி நடக்கும் பயணம். தூரம் ஏறத்தாழ 150 கி.மீ. விமானம் மே 15ஆம் தேதி 1.30 மணிக்கு. வீட்டு வாசலில் வண்டி எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

முதலில் தேதியைப் பாருங்கள்

மேலே உள்ள கேள்வியிலேயே ஒரு குழி இருக்கிறது. சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் பல, நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. "15ஆம் தேதி ராத்திரி ஒன்றரை மணிக்கு பிளைட்" என்று நாம் சொல்லும்போது, நம் மனதில் 15ஆம் தேதி பகல் முடிந்து வரும் ராத்திரிதான் இருக்கிறது. நமக்கு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்குவது. பஞ்சாங்கமும் அப்படித்தான் கணக்கிடுகிறது. விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கோ நள்ளிரவு 12 அடித்ததும் தேதி மாறிவிடும். டிக்கெட்டில் 15 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. 15ஆம் தேதி மாலை பெட்டியோடு கிளம்பினால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். நள்ளிரவுக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரம் டிக்கெட்டில் இருந்தால், காலண்டரில் முந்தின நாள் கட்டத்தில் வட்டம் போட்டு வையுங்கள்.

இரண்டு கதவுகள்

விமானம் கிளம்பும் நேரம் என்று டிக்கெட்டில் உள்ளது, விமானம் நகரத் தொடங்கும் நேரம். நம்மைப் பொறுத்தவரை அதற்கு முன்பே இரண்டு கதவுகள் மூடிவிடுகின்றன.

முதல் கதவு, பெட்டிகளை எடை போட்டு வாங்கிக்கொள்ளும் செக்-இன் கவுண்டர். உள்நாட்டு விமானங்களுக்கு இது 60 நிமிடம் முன்பு மூடப்படுவது வழக்கம். வெளிநாட்டு விமானங்களுக்கு 60 அல்லது 75 நிமிடம் என நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டாவது கதவு, விமானத்தில் ஏறும் போர்டிங் கேட். பெரும்பாலும் 20 அல்லது 25 நிமிடம் முன்பு மூடிவிடுவார்கள். உங்கள் நிறுவனத்துக்கு எது என்பது இமெயிலில் வந்த இ-டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை முன்னோக்கி உருட்டினால் எழுத்து பெரிதாகும், படித்துவிடுங்கள்.

பலரும் முதல் கதவைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கவுண்டர் 75 நிமிடம் முன்பு மூடுகிறது, கேட் 25 நிமிடம் முன்பு மூடுகிறது என்றால் இடையில் இருப்பது 50 நிமிடம். அதற்குள் இமிகிரேஷன் எனப்படும் குடியுரிமைச் சோதனை, மத்திய தொழில் பாதுகாப்புப் படையினரின் பாதுகாப்புச் சோதனை, பிறகு கேட் வரை நடை, எல்லாம் முடிய வேண்டும். நள்ளிரவில் நான்கைந்து பெரிய விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும்போது, அந்த வரிசைகள் 50 நிமிடத்தில் முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே கேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதைக் கவுண்டர் மூடும் நேரத்தோடு ஒப்பிட்டு, எது பெரிய எண்ணோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸெல்லில் போடுவோம்

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். ஏ காலத்தில் விவரம், பி காலத்தில் எண்.

பி1 செல்லில் விமானம் கிளம்பும் தேதியையும் நேரத்தையும் சேர்த்தே டைப் செய்திடுங்கள். முதலில் 15, ஒரு சிறு கோடு, மே மாதத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்து, மீண்டும் சிறு கோடு, வருடம், ஓர் இடைவெளி, பிறகு 1:30. மாதத்தை எண்ணாகத் தர வேண்டாம். பல கம்ப்யூட்டர்கள் அமெரிக்க முறைத் தேதி அமைப்போடு வருகின்றன. அதில் நீங்கள் 5-6 எனத் தந்தால், ஜூன் 5க்குப் பதில் மே 6 என எடுத்துக்கொள்ளும். பெயராகத் தந்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

இரண்டாவது வரிசையைக் காலியாக விடுங்கள். இதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக நிமிடக் கணக்கில் எழுதி வாருங்கள். கேட் மூடுவது 25. கேட் வரை நடை 10. பாதுகாப்புச் சோதனை 30. குடியுரிமைச் சோதனை 45. கவுண்டர் வரிசை 60. டிராலி தேடி எடுத்து, வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டி உள்ளே போவது 15. இதுவரை 185 நிமிடம், அதாவது மூன்று மணி நேரமும் ஐந்து நிமிடமும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு வரச் சொல்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? கவுண்டர் வழியாகக் கணக்கிட்டால் 75, 60, 15 சேர்த்து 150 நிமிடம்தான் வரும். பெரிய எண் 185. அதையே வைத்துக்கொள்வோம். இவை நான் உதாரணத்துக்குத் தந்த எண்கள். பாஸ்போர்ட்டோடு கைக்குழந்தையும் இருந்தால் உங்கள் எண்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்துச் சாலை. பயண நேரம் 240. இது எப்படி வந்தது என்று கீழே பார்க்கலாம். டீ, டீசல், கழிப்பறைக்காக 20. பஞ்சர், ரயில்வே கேட், திடீர் நெரிசல் என எதிர்பாராததற்குக் கையிருப்பாக 30. வீட்டு வாசலில் பெட்டி ஏற்றவும், பாட்டி காலில் விழுந்து எழவும், மறந்துபோன ஊறுகாய்ப் பொட்டலத்துக்காக ஒருவர் உள்ளே ஓடவும் 20. இந்தக் கடைசி 20 நிமிடத்தை யாருமே கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் அது எப்போதும் செலவாகிறது.

இப்போது பி12 வரை வந்திருக்கிறோம். பி13 செல்லில் கர்சரை வைத்து ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். 495 என வரும். இரண்டாவது வரிசையைக் காலியாக விட்டது இதற்காகத்தான். விடாமல் போயிருந்தால் ஆட்டோசம் மேலே உள்ள தேதியையும் ஓர் எண்ணாக நினைத்துக் கூட்டியிருக்கும்.

பி14 செல்லில் விடை. சமக் குறி, பி1, கழித்தல் குறி, பி13, வகுத்தல் குறி, 1440 என இடைவெளியின்றித் தந்து என்டர் தட்டுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் தர வேண்டும். 14ஆம் தேதி 17:15 எனக் கிடைக்கும். அதாவது மாலை ஐந்தேகால் மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும். விடை தேதியாகத் தெரியாமல் வெறும் எண்ணாக வந்தால், பி1 செல்லைத் தேர்ந்தெடுத்து, தூரிகைப் படம் போட்ட ஃபார்மட் பெயின்டரைக் கிளிக் செய்து, பிறகு பி14 மீது கிளிக் செய்திடுங்கள்.

1440 என்ன எண்? ஒரு நாளைக்கு அத்தனை நிமிடம். எக்ஸெல் ஒரு நாளை 1 என்ற எண்ணாகவும், நேரத்தை அதன் பின்னமாகவும் வைத்துக்கொள்கிறது. பகல் 12 மணி என்றால் அதற்கு 0.5. எனவே நிமிடங்களை 1440ஆல் வகுத்தால்தான் தேதியிலிருந்து கழிக்க முடியும். தேதி தராமல் 1:30 என்று நேரத்தை மட்டும் தந்திருந்தால், அதிலிருந்து எட்டேகால் மணி நேரத்தைக் கழிக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். செல் முழுக்கச் சதுரக் கட்டக் குறிகளாக நிரம்பி நிற்கும். முதல் முறை பார்ப்பவர்கள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். முந்தின நாளுக்குப் போக வேண்டியிருக்கிறது, எந்த நாள் என்று நீங்கள் சொல்லவில்லை என எக்ஸெல் முறையிடுகிறது, அவ்வளவுதான்.

சாலைக்கு எவ்வளவு?

இந்தக் கணக்கில் பெரிய எண் 240. தவறு நடந்தால் பெரிதாக நடப்பதும் இங்கேதான். "மூணு மணி நேரத்துல போயிடலாம்" என்பது நல்ல நாளில், நல்ல டிரைவரோடு சென்றவர் சொல்வது.

கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, வழி காட்டும் அம்புக்குறியைக் கிளிக் செய்து, புறப்படும் இடமாக ரெட்டியார்பாளையத்தையும் சேரும் இடமாகச் சென்னை விமான நிலையத்தையும் தாருங்கள். கார் படத்தைத் தேர்ந்தெடுங்கள். 'லீவ் நவ்' என்று இருக்கும் இடத்தில் கிளிக் செய்தால் ஒரு பட்டியல் விரியும். அதில் 'அரைவ் பை' என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் அங்கே இருக்க வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். நம் கணக்குப்படி அது 14ஆம் தேதி இரவு 10.25. இப்போது கூகுள் ஒரே எண்ணைத் தராமல், 2 மணி 50 நிமிடம் முதல் 4 மணி நேரம் வரை என்பது போல இரண்டு எண்களைத் தரும். இந்த இரண்டில் பெரியதைத்தான் எக்ஸெல்லில் போட வேண்டும். சிறிய எண்ணைப் பார்த்து மகிழ்ச்சியடைய வேண்டாம். நடு எண்ணை எடுத்தாலும் பல நாட்களில் தாமதமாகத்தான் போய்ச் சேர்வீர்கள்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து கிளம்பினால் முதல் சோதனையே ஊருக்குள்தான். விழுப்புரம் சாலையில் வந்து இந்திரா காந்தி சிலை சிக்னலைத் தாண்டி, பிறகு ராஜீவ் காந்தி சிலை சிக்னலையும் தாண்ட வேண்டும். மாலை நேரத்தில் அந்தச் சில கிலோமீட்டர் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு இரண்டு வழி. திண்டிவனம் வழியாகச் சென்றால் மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகள், கடைசியில் வண்டலூரிலிருந்து தாம்பரம் வரை உள்ள நெரிசல். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்றால் காற்று நன்றாக இருக்கும். ஆனால் ஞாயிறு மாலையில் புதுச்சேரிக்கு வந்த சென்னைக் கார்கள் அனைத்தும் உங்களோடு சேர்ந்தே திரும்பும். அன்று திண்டிவனம் வழிதான் என் தேர்வு. பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் நாளில் இரண்டு வழியும் ஒன்றுதான். அன்று 240 என்பதை 330 ஆக்குங்கள்.

பஸ்ஸில் செல்பவர்கள் இன்னொரு வரிசை சேர்க்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து விமான நிலையம் 15 கி.மீ.க்கும் மேல். பெரிய பெட்டிகளோடு இன்னொரு வண்டி மாறுவதற்கு ஒரு மணி நேரமாவது எழுதுங்கள்.

நவம்பர், டிசம்பரில் கணக்கே வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, சென்னையில் விமானங்கள் மறுநாள் அதிகாலை வரை நிறுத்தப்பட்டன. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. இத்தகைய நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதில் பயன் இல்லை. வானிலை ஆய்வு மைய வெப்சைட்டில் எச்சரிக்கையைப் பார்த்து, முந்தின நாளே சென்னையில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவதுதான் வழி. விமானம் ரத்தானாலும் நீங்கள் நகரத்தில் இருப்பீர்கள்.

வெப் செக்-இன் செய்தால் எவ்வளவு மிச்சம்?

உள்நாட்டு விமானங்களுக்குப் பல நிறுவனங்கள் 48 மணி நேரம் முன்பிருந்தே வெப் செக்-இன் வசதியைத் தருகின்றன. நிறுவனத்தின் வெப்சைட்டில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணையும் குடும்பப் பெயரையோ இமெயிலையோ தந்து, இருக்கையைத் தேர்ந்தெடுத்தால் போர்டிங் பாஸ் கிடைக்கும். பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், பிரிண்டர் இல்லாதவர்கள் மொபைலில் சேமித்து வைக்கலாம். வெப்சைட் முகவரியை டிக்கெட் வந்த இமெயிலிலிருந்தே எடுங்கள். கூகுளில் தேடினால் போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் முன்னால் வந்து நிற்பதுண்டு. போர்டிங் பாஸைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போடவும் வேண்டாம். அதில் உள்ள எண்ணை வைத்து மற்றவர் உங்கள் டிக்கெட்டைத் திறந்து பார்க்க முடியும்.

கைப்பை மட்டும் எடுத்துச் செல்பவருக்கு இதனால் முதல் கதவே இல்லாமல் போகிறது. கேட் 25, நடை 10, சோதனை 30, வாசல் 15. மொத்தம் 80 நிமிடம். பெரிய பெட்டி உள்ளவருக்கு அத்தனை லாபம் இல்லை. போர்டிங் பாஸ் கையில் இருந்தாலும் பெட்டியை ஒப்படைக்கக் கவுண்டருக்குப் போயே ஆக வேண்டும். அது 60 நிமிடம் முன்பு மூடவே செய்யும். வெப் செக்-இன் செய்துவிட்டோம் என்று நிதானமாக வந்து, பெட்டியோடு மாட்டிக்கொள்பவர்கள் இவர்கள்தான். சென்னையில் உள்நாட்டுப் பயணிகளுக்கு முகத்தைக் காட்டி நுழையும் டிஜி யாத்ரா வசதி இருக்கிறது. அது வாசலில் உள்ள 15 நிமிடத்தைக் குறைக்கலாம். எந்த டெர்மினல் என்பதையும் டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள். ஒன்றும் நான்கும் உள்நாட்டுக்கு, இரண்டு வெளிநாட்டுக்கு.

கையிருப்பு எவ்வளவு வைக்கலாம்?

1982இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் ஜார்ஜ் ஸ்டிக்லர், ஒருபோதும் விமானத்தைத் தவறவிடாதவர் விமான நிலையத்தில் அதிக நேரத்தை வீணடிக்கிறார் என்ற பொருளில் சொன்னதாகக் கூறுவார்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் விலை உண்டு என்பது அவர் வாதம். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு விமானம் இருக்கும் ஊர்களுக்கு, வாரம்தோறும் பறப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

நம் பாரீஸ் பயணிக்குப் பொருந்தாது. விமானத்தைத் தவறவிட்டால் அந்த டிக்கெட்டின் பெரும்பகுதி போய்விடும். வழியில் வேறு ஊரில் மாற வேண்டிய விமானமும் போகும். இன்னொன்றும் உண்டு: போகும் விமானத்தில் ஏறாவிட்டால், அதே டிக்கெட்டில் உள்ள திரும்பி வரும் பயணத்தையும் பல நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். மறுநாள் டிக்கெட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது நாற்காலியில் உட்காரும் ஒரு மணி நேரம். எனவே 30 நிமிடக் கையிருப்பை 60 ஆக்கினாலும் நான் தவறு சொல்ல மாட்டேன். அதற்கு மேல் போனால் கவுண்டரே திறந்திருக்காது.

லாஸ்பேட்டையிலிருந்து பறப்பவருக்குக் கணக்கு வேறு. புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை சிறியது என்பதால் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் வருகின்றன. சேவைகள் தொடங்குவதும் நின்றுபோவதுமாக இருந்து, 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் தொடங்கியது. ரெட்டியார்பாளையத்திலிருந்து அரை மணியில் போய்விடலாம்; வரிசையும் சிறியது. கவுண்டர் 60, வரிசை 15, வாசல் 5, சாலை 30 என எழுதினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. தவறவிட்டாலும் பெங்களூருக்கு இரவு பஸ் இருக்கிறது. ஆனால் சிறிய விமான நிலையம் என்பதால் கவுண்டரைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த 60 நிமிடம் இங்கேயும் 60 நிமிடம்தான்.

கிளம்பும் முன் ஒரு முறை பாருங்கள்

கிளம்பும் நாளில் நிறுவனத்தின் வெப்சைட்டில் 'பிளைட் ஸ்டேட்டஸ்' பகுதியில் விமான எண்ணைத் தந்து பாருங்கள். ஃபிளைட்ரேடார்24 தளத்தில், உங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் இப்போது எங்கே பறந்துகொண்டிருக்கிறது என்பதே மேப்பில் தெரியும். குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை. லாஸ்பேட்டைக்கு வரும் விமானம் இன்னும் பெங்களூரிலிருந்தே கிளம்பவில்லை என்றால், இங்கிருந்தும் தாமதமாகத்தான் கிளம்பும்.

ஆனால் இரண்டு மணி நேரத் தாமதம் எனத் திரையில் பார்த்துவிட்டு, வண்டியை இரண்டு மணி நேரம் தள்ளி வரச் சொல்லாதீர்கள். தாமதம் குறையலாம், கவுண்டரைப் பழைய நேரத்துக்கே மூடிவிடுவதும் உண்டு. நிறுவனமே எஸ்எம்எஸ் அனுப்பிப் புதிய நேரத்தை உறுதி செய்தால், பி1 செல்லில் அதை மாற்றுங்கள். பி14 தானாக மாறிக்கொள்ளும். அந்த எண்ணை டிரைவருக்குப் போனில் சொல்லும்போது தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.